சொந்தமாக வரைந்த எனாமல் பின்களுக்குக் கிக்ஸ்டார்ட்டரில் நிதி திரட்டுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரில் எனாமல் பின்களை வடிவமைத்து, கிக்ஸ்டார்ட்டர் என்ற இணையத் தளத்தில் பலரிடம் திரட்டும் கூட்டுநிதி மூலம் தயாரித்துவரும் என்னிடம், கைவினைச் சந்தைகளில் மேசைக்கு முன்னால் நின்று கேட்பவர்களும் மின்னஞ்சலில் கேட்பவர்களும் ஏறத்தாழ ஒரே ஐயங்களைத்தான் எழுப்புகிறார்கள். அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே கீழே தொகுத்திருக்கிறேன். தொகைகள் சிங்கப்பூர் வெள்ளியில் உள்ளன. வேறு நாணயமாக இருந்தால் அங்கேயே சொல்லியிருக்கிறேன்.

1. எனாமல் பின் என்பது பள்ளிக்கூட பேட்ஜ் மாதிரிதானே? சாஃப்ட், ஹார்ட் என்று ஏன் இரண்டு விலை சொல்கிறார்கள்?

அடிப்படையில் அதுவேதான். இரும்பிலோ பித்தளையிலோ துத்தநாகக் கலவையிலோ கோடுகள் மேடாகவும், வண்ணம் நிற்க வேண்டிய இடங்கள் பள்ளமாகவும் அமையும்படி அச்சு அடிக்கப்பட்டு, அந்தப் பள்ளங்களில் வண்ணம் நிரப்பப்பட்டு, வெப்பத்தில் இறுக வைக்கப்படுகிறது. சாஃப்ட் எனாமலில் முலாம் முதலில் ஏறுகிறது, வண்ணம் பிறகு வருகிறது. காய்ந்த வண்ணம் கோட்டுக்குச் சற்றுக் கீழே தங்கிவிடுவதால் விரலால் தடவினால் மேடுபள்ளம் தெரியும். ஹார்ட் எனாமலில் வண்ணத்தை விளிம்புவரை நிரப்பி, கோடும் வண்ணமும் ஒரே மட்டத்துக்கு வரும்வரை தேய்த்து மெருகேற்றிய பிறகே முலாம் ஏற்றுகிறார்கள். விலை வேற்றுமை பெரும்பாலும் இந்தத் தேய்ப்பு வேலைக்கானது.

இந்த வரிசை மாற்றத்துக்கு இன்னொரு விளைவும் உண்டு. கோடுகளே நீலமாகவோ முழுக் கறுப்பாகவோ சாயமேறி இருக்க வேண்டுமென்றால் சாஃப்ட் எனாமல்தான் ஒத்துவரும். ஹார்ட் எனாமலில் தங்கம், வெள்ளி, செம்பு, கறுப்பு நிக்கல் போன்ற மின்முலாம்களோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

2. கிக்ஸ்டார்ட்டரில் இலக்கை எட்டாவிட்டால் வந்த பணம் என்ன ஆகும்?

பணம் வந்தே இருக்காது. 2009இல் தொடங்கப்பட்ட அந்தத் தளம் ‘முழுவதும் அல்லது ஒன்றுமில்லை’ என்ற முறையில் இயங்குகிறது. ஆதரவாளர்கள், அதாவது உங்கள் பின்னுக்குப் பணம் தர முன்வருபவர்கள், தொகையை உறுதியளிக்க மட்டும் செய்கிறார்கள். கெடு முடியும்போது இலக்கு எட்டப்பட்டிருந்தால்தான் அவர்களுடைய அட்டையிலிருந்து பணம் எடுக்கப்படும். எட்டப்படாவிட்டால் எவருக்கும் செலவில்லை, உங்களுக்கும் கட்டணமில்லை. கெடுவை அதிகபட்சம் 60 நாள் வரை வைக்கலாம் என்றாலும் பின்களுக்கு 20 முதல் 30 நாள் போதும். தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடைப்பட்ட நாள்களில் உறுதியளிக்கப்படும் தொகை அசையாது. அந்த அசையாத காலத்தை நீட்டுவதில் பயனில்லை.

வெற்றி பெற்றால் தளம் 5 விழுக்காட்டை எடுத்துக்கொள்கிறது. பணப் பரிமாற்றக் கட்டணமாக மேலும் 3 முதல் 5 விழுக்காடு போகும். எஞ்சிய தொகை கெடு முடிந்து ஏறத்தாழ இரண்டு வாரங்களில் வங்கிக் கணக்குக்கு வரும். சில அட்டைகள் ஏற்கப்படாமல் போகும். அவர்களுக்குச் சரிசெய்ய ஒரு வாரம் தரப்படும், அதற்குள் செலுத்தாதவர்களின் தொகை கழிந்துவிடும். ஆகவே திரையில் தெரியும் மொத்தத் தொகை உங்கள் கைக்கு வரும் தொகையன்று.

3. நான் மதுரையில் இருக்கிறேன். இங்கிருந்து தொடங்க முடியாதா? சிங்கப்பூரில் உள்ள அண்ணன் பெயரில் போடலாமா?

ஆதரவாளராக எந்த நாட்டிலிருந்தும் சேரலாம். ஆனால் திட்டத்தைத் தொடங்குபவர் கிக்ஸ்டார்ட்டர் ஏற்கும் நாடுகளில் ஒன்றில் நிரந்தரமாக வசிப்பவராக இருக்க வேண்டும். அந்தப் பட்டியலில் இந்தியாவும் இலங்கையும் இல்லை. சிங்கப்பூர் 2016இல் சேர்ந்தது. கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா ஆகியவை அதற்கு முன்பே இருந்தன.

அண்ணன் பெயரில் தொடங்கினால் அவரே சட்டப்படி திட்டத்துக்குப் பொறுப்பாளர். பணம் அவருடைய கணக்குக்கு வரும், வருமானக் கணக்கில் அவர்தான் காட்ட வேண்டும், பின்கள் போய்ச் சேராவிட்டால் கேள்வியும் அவரிடமே வரும். இதை அவர் அறிந்து ஒப்புக்கொண்டு, திட்டப் பக்கத்தில் இருவருடைய பங்கையும் வெளிப்படையாக எழுதினால் தடையில்லை. பெயரை மட்டும் இரவல் வாங்குவதானால் வேண்டாம். இந்தியாவுக்குள்ளேயே விற்பதாக இருந்தால், முன்பதிவுக்கு ஒரு கெடு வைத்து, குறைந்தபட்ச எண்ணிக்கை சேராவிட்டால் பணத்தைத் திருப்பித் தருவதாக எழுதி, நீங்களே நடத்தும் முன்விற்பனையும் ஏறத்தாழ அதே வேலையைச் செய்துவிடும்.

4. நான் இங்கே எஸ் பாஸில் வேலை செய்கிறேன். ஓய்வு நேரத்தில்தானே செய்யப்போகிறேன், பரவாயில்லையா?

பரவாயில்லை என்று நான் சொல்ல மாட்டேன். எஸ் பாஸ் போன்ற வேலை அனுமதிச்சீட்டு, அதில் குறிப்பிட்ட முதலாளியிடம் குறிப்பிட்ட வேலையைச் செய்வதற்காகவே வழங்கப்படுகிறது. விற்பனை நோக்கம் கொண்ட எதையும் தொடங்குமுன் மனிதவள அமைச்சிடம் எழுத்துமூலம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். குடிமக்களும் நிரந்தரவாசிகளும் அடையாள அட்டையில் உள்ள முழுப்பெயரிலேயே நடத்தினால் வணிகப் பதிவு தேவையில்லை. வேறொரு கடைப்பெயரில் நடத்துவதானால் வணிகங்களைப் பதியும் அரசு அமைப்பான அக்ராவில் பதிய வேண்டும். இரண்டிலும் ஆதாயம் வரிக்குரிய வருமானமே.

5. இலக்குத் தொகையை எப்படி முடிவு செய்வது? எல்லாரும் 500 என்று போடுகிறார்களே, நானும் அதையே போடலாமா?

மற்றவர்களின் எண்ணைப் பார்த்து வைக்க வேண்டாம். இலக்கு என்பது ஒரே ஒரு வடிவத்தை, ஆலை ஏற்கும் குறைந்தபட்ச எண்ணிக்கையில் செய்து, கேட்டவர்கள் கையில் சேர்க்க ஆகும் செலவு. பெரும்பாலான ஆலைகள் ஒரு வடிவத்துக்கு 100 பின்களைக் குறைந்தபட்சமாகக் கேட்கின்றன. 50 செய்து தருவோரும் உண்டு, ஆனால் அச்சுக் கட்டணம் மாறாது என்பதால் ஒரு பின்னின் அடக்கவிலை ஏறிவிடும்.

ஒரு மாதிரிக் கணக்கைப் பார்ப்போம். நீளவாக்கில் 38 மில்லிமீட்டர், ஐந்து வண்ணம், ஹார்ட் எனாமல், 100 பின்கள் என்று கொள்க. அச்சுக்கு 110 வெள்ளி, பின் ஒன்றுக்கு 2.80 வீதம் 280 வெள்ளி, சீனாவிலிருந்து கூரியருக்கு 45 வெள்ளி என்றால் கூட்டுத்தொகை 435. சிங்கப்பூருக்குள் வரும் சரக்கின் மதிப்பு 400 வெள்ளியைத் தாண்டினால் இறக்குமதியின்போது 9 விழுக்காடு பொருள் சேவை வரி கட்ட வேண்டும். அது சுமார் 39 வெள்ளி. வரியைக் கட்டித் தருவதற்கு கூரியர் நிறுவனம் வாங்கும் கட்டணத்துக்கு 20, பின்னைக் குத்திவைக்கும் அட்டைகளுக்கு 25, குமிழி உறைகளுக்கு 30 என்று சேர்த்தால் 549 வெள்ளி. கட்டணங்களுக்கு 10 விழுக்காடும், ஏற்கப்படாத அட்டைகளுக்கு 5 விழுக்காடும் ஒதுக்கினால் இலக்கு சுமார் 650 ஆகிறது. பின்னின் விலை 14 வெள்ளி என்றால் 47 பேர் வேண்டும்.

பலர் தடுக்கி விழுவது இதற்கு அடுத்த படியில்தான். ஆதரவாளர் உறுதியளிக்கும்போதே அஞ்சல் கட்டணத்தையும் வாங்கினால், அந்தத் தொகையும் இலக்கை நோக்கிய மொத்தத்தில் சேர்ந்துவிடும். தளத்தின் கட்டணம் அதன்மீதும் பிடிக்கப்படும். ஆளுக்கு 4 வெள்ளி அஞ்சல் என்றால், 650ஐ எட்டிய நாளில் பின் விலையாக உங்களுக்குக் கிடைத்திருப்பது ஏறத்தாழ 505 மட்டுமே. இலக்கைச் சுமார் 870க்கு உயர்த்துங்கள். இல்லையென்றால் அஞ்சல் கட்டணத்தைப் பின்கள் தயாரான பிறகு தனியாக வாங்குங்கள். கட்டண விகிதங்கள் அடிக்கடி மாறுவதால் நான் இரண்டாவது வழியையே விரும்புகிறேன். ஆனால் பின்னால் இன்னொரு தொகை வரும் என்பதைத் திட்டப் பக்கத்தின் மேற்பகுதியிலேயே எழுதிவிட வேண்டும்.

6. என்னிடம் பன்னிரண்டு வடிவங்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே நிதி திரட்டும் பிரசாரத்தில் கொண்டுவரலாமா?

கொண்டுவரலாம், ஆனால் பூட்டி வையுங்கள். பின் திட்டங்களில் பரவலான முறை இதுதான்: முதல் இலக்கு ஒன்றோ இரண்டோ வடிவங்களுக்கு, அதைத் தாண்டி ஒவ்வொரு குறிப்பிட்ட தொகைக்கும் அடுத்த வடிவம் திறக்கும். இதை ஸ்ட்ரெட்ச் கோல் என்கிறார்கள். அடுத்தது திறக்க வேண்டும் என்பதற்காகவே ஆதரவாளர்கள் நண்பர்களை அழைத்துவருவார்கள்.

கவனிக்க வேண்டியது, ஒவ்வொரு திறப்பும் ஓர் அச்சையும் 100 பின்களையும் உங்கள் தலையில் ஏற்றுகிறது என்பது. கூட்டம் பெரிதாகாமல், இருப்பவர்களே வெவ்வேறு வடிவங்களுக்குப் பிரிந்துபோனால், எட்டு வடிவங்களுக்கு 800 பின்கள் செய்து 200ஐ மட்டும் அனுப்பிவிட்டு மீதியைக் கட்டிலுக்கடியில் வைத்திருக்க நேரும். எஞ்சும் பின்கள்தான் பிறகு ஆதாயம் தருபவை என்பது உண்மையே. அவற்றை விற்க உங்களுக்குச் சந்தைகளோ இணையக் கடையோ இருந்தால்தான் அது ஆதாயம். முதல் பிரசாரத்துக்கு நான்கு வடிவங்களுக்கு மேல் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. திறக்கும் தொகையையும் ஐந்தாம் கேள்வியின் முறைப்படியே ஒவ்வொரு வடிவத்துக்கும் தனியாகக் கணக்கிடுங்கள். இலவச ஸ்டிக்கர், இலவச அஞ்சலட்டை என்று அள்ளிவிடுவது உறையின் எடையைக் கூட்டும், அதோடு வேலையையும் கூட்டும்.

7. தமிழ் எழுத்து உள்ள பின் செய்ய ஆசை. ஆலை சரியாகச் செய்து தருமா?

செய்து தரும், நீங்கள் ஒவ்வொரு புள்ளியையும் பார்த்தால். ஆலையில் உங்கள் படத்தை மறுபடி வரைபவருக்குத் தமிழ் தெரியாது. எழுத்தை எழுத்துருவாகவே கோப்பில் விட்டு அனுப்பினால், அவருடைய கணினியில் அந்த எழுத்துரு இல்லாதபோது கொம்பும் காலும் இடம் மாறி ‘கொ’ என்பது மூன்று துண்டாகச் சிதறும். எனவே எல்லா எழுத்துகளையும் வெளிக்கோடுகளாக மாற்றிவிட்டே கோப்பை அனுப்ப வேண்டும். அப்படியும் புள்ளியைத் தூசி என்று எண்ணி அழித்துவிடும் வாய்ப்பு உண்டு. புள்ளி போனால் ‘பூக்கள்’ என்பது ‘பூககள’ ஆகிவிடும். புள்ளிகளைச் சிவப்பு வட்டமிட்ட தனிப் படம் ஒன்றை இணைத்து, இவை எழுத்தின் பகுதி, நீக்கக் கூடாது என்று ஆங்கிலத்தில் எழுதி அனுப்புங்கள்.

அடுத்தது அளவு. உலோகக் கோடு 0.2 மில்லிமீட்டருக்குக் குறையாமலும் வண்ணம் நிற்கும் பள்ளம் 0.3 மில்லிமீட்டருக்குக் குறையாமலும் இருக்க வேண்டும் என்பது பொதுவாக ஆலைகள் சொல்லும் எல்லை. ‘ட’, ‘ப’ போன்ற நேர்க்கோட்டு எழுத்துகள் சிறிதானாலும் தாங்கும். ‘ண’, ‘ஞ’, ‘இ’, ‘லை’ ஆகியவற்றின் சுழிகளுக்குள் இருக்கும் வெளி, எழுத்து 5 மில்லிமீட்டருக்குக் கீழே போனதும் அடைபட்டுக் கட்டியாகிவிடும். படத்தை உண்மை அளவில் தாளில் அச்சிட்டு, கை நீட்டும் தொலைவில் வைத்துப் படித்துப் பாருங்கள். திரையில் பெரிதாக்கிப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். நான் சுழிகளைக் கையால் சற்றே அகலப்படுத்தி, புள்ளியை எழுத்தின் தடிமனைவிடப் பெரிதாக வைக்கிறேன். தாளில் விகாரமாகத் தெரிவது உலோகத்தில் சரியாக அமர்ந்துவிடுகிறது.

எழுத்துருவின் உரிமமும் முக்கியம். நோட்டோ சான்ஸ் தமிழ், கடமரன், மீரா இனிமை, முக்தா மலர் ஆகியவை எஸ்ஐஎல் திறந்த எழுத்துரு உரிமத்தில் கிடைப்பதால் விற்பனைப் பொருளிலும் தடையின்றிப் பயன்படுத்தலாம். கணினியில் ஏற்கெனவே இருந்த எழுத்துரு என்பதற்காக அது இலவசம் ஆகிவிடாது.

8. பாரதியார் வரி, கோலம், பட வசனம், நடிகர் முகம் — இவற்றில் எதைப் பின்னாகப் போடலாம்?

1921இல் மறைந்த பாரதியின் பாடல்களுக்கு இன்று காப்புரிமை இல்லை, வரியை எடுத்தாளலாம். ஆனால் தலைப்பாகையும் மீசையுமாக வேறோர் ஓவியர் வரைந்த பாரதி உருவத்தை அப்படியே எடுக்கக் கூடாது. அந்த ஓவியம் அவருடையது. கோலமும் அதேபோல்தான்: வாசலில் தலைமுறைகளாகப் போடப்படும் புள்ளிக்கோலம் எல்லாருக்கும் பொது, ஒரு கலைஞர் தமக்கே உரிய முறையில் வரைந்து வெளியிட்ட கோலச் சித்திரம் பொதுவன்று.

திரைப்பட உருவங்களையும் சுவரொட்டிகளையும் தொடாதீர்கள். நடிகர்களைப் பொறுத்தவரை காப்புரிமைக்கு அப்பால் ஆளுமை உரிமை என்ற ஒன்றும் இருக்கிறது. தம் பெயரைப் படத் தலைப்பில் பயன்படுத்தியதை எதிர்த்து ரஜினிகாந்த் தொடுத்த வழக்கில் 2015இல் சென்னை உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தடை விதித்தது. ரசிகர் கலை என்று பெயரிட்டுப் பலர் விற்கிறார்களே என்று கேட்பார்கள். உரிமையாளர் புகார் கொடுக்கும்வரை அவர்கள் விற்கிறார்கள் என்பதே விடை. பிரசாரத்தின் நடுவில் புகார் வந்தால் பக்கமே மறைக்கப்படும். மேலும், செயற்கை நுண்ணறிவுக் கருவியால் உருவாக்கிய படமானால் அதைத் திட்டப் பக்கத்தில் வெளிப்படுத்த வேண்டும் என்பது 2023 ஆகஸ்ட் முதல் கிக்ஸ்டார்ட்டரின் விதி.

9. மாதிரிப் பின் செய்யாமல் படத்தை மட்டும் காட்டித் தொடங்கலாமா?

பின் திட்டங்களில் பலரும் தட்டையான வரைபடத்தை வைத்தே தொடங்குகிறார்கள். அது வரைபடம் என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிய வேண்டும். இல்லாத பின்னை இருப்பதுபோலக் காட்டும், புகைப்படத்தை ஒத்த கணினிப் படங்களைக் கிக்ஸ்டார்ட்டர் ஏற்பதில்லை. முதல் இலக்குக்குரிய ஒரு வடிவத்துக்கேனும் மாதிரி செய்துவிட்டால், கையில் பிடித்து வெயிலில் எடுத்த ஒரு படம் பத்து வரைபடங்களைவிட நம்பிக்கை தரும். அச்சுக் கட்டணத்தை முன்கூட்டியே செலவழிக்கிறீர்கள், அவ்வளவுதான். இலக்கை எட்டினால் அதே அச்சையே பயன்படுத்தலாம்.

வண்ணங்களைப் பேன்டோன் என்ற பொது வண்ண அட்டவணையின் எண்ணால் மட்டுமே குறிப்பிடுங்கள். ‘மாந்தளிர்ப் பச்சை’ என்றால் ஆலை தனக்குத் தோன்றிய பச்சையைப் போடும்.

10. எனக்கு இன்ஸ்டாகிராமில் சில நூறு பேர்தான் இருக்கிறார்கள். ஆதரவாளர்கள் எங்கிருந்து வருவார்கள்?

தொடங்கும் நாளுக்குப் பல வாரங்களுக்கு முன்பே முன்னறிவிப்புப் பக்கம் ஒன்றைத் திறக்க முடியும். அதில் பெயர் கொடுத்தவர்களுக்குத் தொடங்கிய உடனே மின்னஞ்சல் போகும். அந்த எண்ணிக்கை ஐந்தாம் கேள்வியில் கணக்கிட்ட ஆள்களைப்போல மூன்று நான்கு மடங்காவது ஆகும்வரை நான் தொடங்குவதில்லை, ஏனெனில் பெயர் கொடுத்தவர்கள் அனைவரும் பணம் கொடுப்பதில்லை. முதல் இரண்டு நாளில் மளமளவென்று ஏறும் திட்டத்தையே தளமும் மற்றவர்களுக்குக் காட்டுகிறது. ஜனவரியில் கிக்ஸ்டார்ட்டர் நடத்தும் ‘மேக் 100’ என்ற அழைப்பு, எண்ணிக்கையை நூறாக வரையறுத்த பொருள்களுக்கானது. ஆலை எப்படியும் 100 செய்யச் சொல்லும் என்பதால் பின்களுக்கு அது பொருத்தமாக அமைகிறது.

பின் சேகரிப்பவர்கள் தனி உலகம். உங்கள் உறவினர்கள் அன்புக்காக ஒன்று வாங்குவார்கள். சேகரிப்பவர் பிடித்துவிட்டால் மொத்தத் தொகுதியையும் வாங்குவார். அவர்கள் தேடுவது பூனை, காளான், சூனியக்காரி, புத்தகம் என்று ஒரு கருப்பொருளைச் சார்ந்தது. ‘என் ஓவியங்கள்’ என்பதைவிட ‘தென்னிந்தியத் தின்பண்டங்கள்’ என்ற தலைப்பு அவர்களுக்கு எளிதாகப் புரிகிறது.

11. ஆலையை எப்படித் தேர்ந்தெடுப்பது? எந்த மாதத்தில் தொடங்குவது நல்லது?

எனாமல் பின்களின் பெரும்பகுதி சீனாவில், குவாங்டோங் மாநிலத்திலும் குன்ஷான் வட்டாரத்திலும் உள்ள ஆலைகளில் தயாராகிறது. அமெரிக்காவிலோ பிரிட்டனிலோ இருந்து பின் செய்து தருவதாகச் சொல்லும் நிறுவனங்களில் பல இடைத்தரகர்களே. கூடுதல் விலைக்கு ஈடாக அவர்கள் தரத்துக்குப் பொறுப்பேற்றால் அதில் தவறில்லை. நேரடியாகப் பேசுவதானால் ஒரே படத்தை மூன்று ஆலைகளுக்கு அனுப்பி, விலையோடு, அவர்கள் முன்பு செய்த மெல்லிய கோடுள்ள பின்களின் அண்மைப் படங்களையும் கேளுங்கள். பின்பக்கத்தில் ஓர் ஊசியா இரண்டா என்பதையும் அப்போதே முடிவு செய்துவிடுங்கள். 30 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட பின் ஒற்றை ஊசியில் தலைகீழாகச் சுழன்றுவிடும்.

வரைபட ஒப்புதலுக்குப் பின் நான்கைந்து வாரங்களில் பின்கள் தயாராகும் என்றாலும், சீனப் புத்தாண்டை ஒட்டி ஆலைகள் வாரக்கணக்கில் மூடப்படும். விடுமுறைக்கு முன் நெரிசல், பின் ஆள் பற்றாக்குறை என்று அதன் நிழல் இருபுறமும் நீளும். 2027இல் புத்தாண்டு பிப்ரவரி 6இல் வருகிறது. அக்டோபர் முதல் வாரமும் விடுமுறை. நவம்பரில் பணம் பெற்று ஜனவரியில் அனுப்புவதாக வாக்களிப்பது வம்பை விலைக்கு வாங்குவது. மார்ச்சிலோ ஜூலையிலோ தொடங்கினால் நிம்மதி. விநியோக மாதத்தை எழுதும்போது ஆலை சொன்ன காலத்தோடு இரண்டு மாதங்களைக் கூட்டி எழுதுங்கள்.

12. வந்த பின்களில் சிலவற்றில் கீறலும் வண்ணச் சிதறலும் இருக்கின்றன. என்ன செய்வது?

கையால் வண்ணம் நிரப்பும் பொருளில் இது இயல்பு. பெட்டி வந்த அன்றே எல்லாவற்றையும் வெள்ளை விளக்கின் கீழ் பிரித்துப் பாருங்கள்: கையில் பிடித்துப் பார்க்கும் தொலைவில் குறை தெரியாதவை முதல் தரம், சிறு புள்ளியோ முலாம் மங்கலோ உள்ளவை இரண்டாம் தரம், சேகரிப்பவர்கள் மொழியில் ‘செகண்ட்ஸ்’. குறை கூடுதலாக இருந்தால் படமெடுத்து உடனே ஆலைக்கு அனுப்புங்கள். நல்ல ஆலைகள் மாற்றுப் பின்களை அனுப்பும், அல்லது அடுத்த ஆர்டரில் கழித்துக்கொள்ளும். முழு விலை கொடுத்தவருக்கு இரண்டாம் தரத்தை அனுப்பக் கூடாது; அதைக் குறைந்த விலையில், குறையை எழுதியே விற்கலாம். இந்தத் தேவைக்காகவே, வாக்களித்த எண்ணிக்கையைவிடப் பத்து விழுக்காடு கூடுதலாகக் கையில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

13. எல்லா நாடுகளுக்கும் அனுப்பலாமா? சாதாரண கடித உறையில் போட்டால் மலிவாகப் போகாதா?

2018 முதல் சர்வதேச அஞ்சலில் கடித வகையில் ஆவணங்கள் மட்டுமே செல்லலாம். பொருள் இருந்தால் சுங்க அறிவிப்போடு கூடிய சிறு பொதியாகவே போக வேண்டும். பின்களை 7117 என்ற சுங்கத் தலைப்பின்கீழ், கவரிங் நகை வகையில் குறிப்பிடுவது வழக்கம். உற்பத்தி நாடு சீனா என்றால் சீனா என்றே எழுத வேண்டும், நீங்கள் சிங்கப்பூரிலிருந்து அனுப்பினாலும்.

நாடுகளைப் பொறுத்தவரை கடந்த சில ஆண்டுகளில் நிலைமை தலைகீழாகிவிட்டது. 800 அமெரிக்க டாலர் வரையிலான பொதிகளுக்கு அமெரிக்கா அளித்துவந்த சுங்க விலக்கு 2025 ஆகஸ்ட் 29 முதல் எல்லா நாடுகளுக்கும் நிறுத்தப்பட்டது. சிங்கப்பூர் அஞ்சல் நிறுவனமான சிங்போஸ்டின் அன்றைய அறிவிப்பைப் பார்த்துவிட்டே அமெரிக்கக் கட்டணத்தை முடிவு செய்யுங்கள். ஐந்தாம் கேள்வியில் அஞ்சலைப் பின்னால் வாங்கச் சொன்னதற்கு இதுவே பெரிய காரணம். பிரிட்டனில் 2021 ஜனவரி முதல், 135 பவுண்டுக்கு உட்பட்ட சரக்கை வெளிநாட்டிலிருந்து நேரடியாக விற்பவர் அங்கே மதிப்புக்கூட்டு வரிக்குப் பதிந்து அதை வசூலிக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 ஜூலை முதல் மிகச் சிறிய பொதிக்கும் அந்த வரி உண்டு. அதற்கு மேல், 2024 டிசம்பர் 13இல் நடைமுறைக்கு வந்த பொதுப் பொருள் பாதுகாப்பு விதிமுறை, ஒன்றியத்துக்குள் முகவரி உள்ள ஒரு பொறுப்பாளரைக் காட்டச் சொல்கிறது. வட அயர்லாந்துக்கும் அது பொருந்தும். சிறு படைப்பாளர் பலர் அந்த நாடுகளைத் தங்கள் பட்டியலிலிருந்தே நீக்கிவிட்டார்கள். முதல் பிரசாரத்தில் நீங்களும் நீக்குவதே நல்லது. வாங்கிவிட்டு அனுப்ப முடியாமல் தவிப்பதைவிட அது மேல்.

14. சென்னையில் உள்ள ஆதரவாளர், “அன்பளிப்பு என்று எழுதி அனுப்புங்கள், வரி வராது” என்கிறார். எழுதலாமா?

எழுதக் கூடாது. பணம் வாங்கிக்கொண்டு அனுப்புவது அன்பளிப்பு அன்று. பொய் அறிவிப்பில் கையெழுத்திடுபவர் நீங்கள். அது போக, 5,000 ரூபாய் வரையிலான அன்பளிப்புக்கு இந்தியாவில் இருந்த விலக்கே 2019 டிசம்பரில் ராக்கியும் உயிர்காக்கும் மருந்தும் தவிர மற்றவற்றுக்கு நீக்கப்பட்டுவிட்டது.

15. சொன்ன மாதம் தாண்டிவிட்டது, ஆதரவாளர் பணத்தைத் திருப்பிக் கேட்கிறார். கொடுத்தாக வேண்டுமா?

கிக்ஸ்டார்ட்டர் கடையன்று என்பதால் தாமதம் நேர்ந்த உடனே பணம் திரும்பாது. ஆனால் வாக்களித்ததை முடித்துத் தருவது உங்கள் கடமை என்று தளத்தின் விதிமுறை சொல்கிறது. முடிக்கவே இயலாது என்றால் பணம் எப்படிச் செலவானது என்று விளக்கி, எஞ்சியதைத் திருப்பித் தர வேண்டும். நடைமுறையில் ஒரு பின்னுக்கான தொகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அந்தப் பின்னை வேறொருவருக்கு விற்பது எளிது. பெரும்பாலும் இப்படிக் கேட்பவர்கள் பணத்துக்காகக் கேட்பதில்லை, செய்தி வராத கோபத்தில் கேட்கிறார்கள். செய்தி இல்லாத மாதத்திலும், அச்சு வெட்டப்பட்டுவிட்டது, முலாம் பூச இருக்கிறார்கள் என்று ஆலை அனுப்பிய ஒரு படத்தோடு நான்கு வரி போடுங்கள்.

16. இலக்கை எட்டவில்லை. அதே பின்களை மறுபடி போட்டால் கேவலமாக இருக்காதா?

இருக்காது, மறுபடி தொடங்கத் தடையும் இல்லை. முதல்முறை வந்தவர்களுக்குப் பழைய பக்கத்திலிருந்தே செய்தி அனுப்பலாம் என்பதால் இரண்டாவது முறை நீங்கள் வெறுங்கையோடு தொடங்குவதில்லை. ஏதாவது ஒன்றை மாற்றிவிட்டுத் தொடங்குங்கள்: இரண்டு வடிவங்களுக்கான இலக்கை ஒன்றுக்குக் குறைப்பது பெரும்பாலும் போதும். இலக்கை எட்டுவதற்காகச் சொந்தப் பணத்தை நண்பர்கள் வழியாகப் போட்டு நிரப்பாதீர்கள். கட்டணமும் போகும், சந்தையில் விற்காத 100 பின்களும் வந்து சேரும்.

17. என் பின்னை அப்படியே நகலெடுத்து இணையச் சந்தையில் பாதி விலைக்கு விற்கிறார்கள். என் ஆலையே விற்றுவிட்டதா?

அப்படியும் இருக்கலாம், உங்கள் திட்டப் பக்கத்தின் படத்தைப் பார்த்து வேறு யாரோ அச்சு வெட்டியிருப்பதற்கும் அதே அளவு வாய்ப்பு உண்டு. இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி: நகலை ஒன்று வாங்கி, பின்பக்க முத்திரையையும் ஊசிகளின் இடத்தையும் உங்களுடையதோடு ஒப்பிடுங்கள். படத்திலிருந்து நகலெடுத்தவருக்கு உங்கள் பின்பக்கம் தெரியாது. திட்டப் பக்கத்தில் பின்பக்கப் படத்தை நான் போடாததற்கு இதுவே காரணம்.

விற்கும் தளத்துக்குக் காப்புரிமைப் புகார் அனுப்பினால் பட்டியல் பெரும்பாலும் நீக்கப்படும். அதற்கு முதல் வரைவிலிருந்து தேதியோடு கூடிய கோப்புகளும் உங்கள் திட்டம் தொடங்கிய நாளும் சான்றாகும். சில வாரங்களில் வேறு பெயரில் மறுபடி முளைக்கும், மறுபடி புகார் அனுப்ப வேண்டும். ஆலையோடு பேசும்போது, அச்சு யாருடையது, எத்தனை ஆண்டு வைத்திருப்பார்கள், வேறெவருக்கும் அதிலிருந்து அடிக்க மாட்டோம் என்பதற்கான உறுதி ஆகிய மூன்றையும் முன்பணம் அனுப்புமுன் எழுத்தில் வாங்கிவிடுங்கள். பெரும்பாலான ஆலைகள் அச்சை இரண்டு மூன்று ஆண்டு வைத்திருக்கும். அதற்குள் மறுபடி ஆர்டர் கொடுத்தால் அச்சுக் கட்டணம் இல்லை, பின்னுக்கான விலை மட்டுமே.